வக்கீல் கையில் மருந்துக் கம்பெனி: கென் ஃப்ரேசியர் சாதித்தாரா, அதுவாக வாய்த்ததா?

பங்குப்பித்தன்:
சட்டம் படித்தவர்கள் கம்பெனித் தலைவராவது பற்றிப் போன வாரம் பேச்சு வந்தபோது ஆளாளுக்கு அமெரிக்க மருந்துக் கம்பெனியான மெர்க்கின் கென் ஃப்ரேசியரைத் தூக்கிப் பிடித்தீர்கள். ஃபிலடெல்ஃபியாவில் ஒரு துப்புரவுப் பணியாளரின் மகன், ஹார்வர்டில் சட்டம், ட்ரிங்கர் பிடில் நிறுவனத்தில் வக்கீல், 1992இல் மெர்க் குழுமத்துக்குள் நுழைவு, 1999இல் தலைமைச் சட்ட அதிகாரி, 2011 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி, அந்த ஆண்டு முடிவதற்குள் சேர்மன். வாழ்க்கைக் கதை பிரமாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் நிர்வாகம்? மெர்க்கைத் தூக்கி நிறுத்தியது கீட்ரூடா என்ற ஒரே புற்றுநோய் மருந்து. 2009இல் ஷெரிங்-ப்ளவ் என்ற மருந்துக் கம்பெனியை 4,100 கோடி டாலருக்கு வாங்கியபோது மூட்டையோடு மூட்டையாக வந்தது அது. அருமை தெரியாமல் வெளியே தள்ளிவிடும் பட்டியலில் போட்டு வைத்திருந்தார்கள். 2010இல் போட்டிக் கம்பெனி பிரிஸ்டல்-மையர்ஸின் அதே வகை மருந்து ஒன்று நல்ல முடிவு காட்டிய பிறகுதான் தூசி தட்டி எடுத்தார்கள். இதில் வக்கீலுக்கு என்ன பங்கு?

கறுப்பு அங்கி:
சேர்மன் சோதனைக் குழாயைத் தொட வேண்டியதில்லை சார். பணத்தை எங்கே வெட்டக் கூடாது என்று தெரிந்தால் போதும். 2011 பிப்ரவரியைப் பாருங்கள். ஃப்ரேசியர் பதவிக்கு வந்து ஒரு மாதம்தான். அந்த வாரம் ஃபைசர் தன் ஆராய்ச்சிச் செலவைக் குறைக்கப்போவதாக அறிவித்தது, பங்கு ஏறியது. இரண்டே நாளில் ஃப்ரேசியர், 2013 வரைக்கும் என்று கம்பெனி கொடுத்திருந்த லாப இலக்கைத் திரும்பப் பெறுகிறோம், ஆராய்ச்சிக்கு ஒதுக்கிய சுமார் 800 கோடி டாலரில் கை வைக்க மாட்டோம் என்றார். பங்கு இறங்கியது. அப்போது கீட்ரூடா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் முதல் கட்டத்தின் வாசலில்தான் இருந்தது. அந்த நேரத்தில் அவரும் கத்தரிக்கோலை எடுத்திருந்தால் இன்று நீங்கள் எதைச் சொல்லி அவரைக் குறை சொல்வீர்கள்?

பங்குப்பித்தன்:
கத்தரிக்கோல் வரத்தான் செய்தது, கொஞ்சம் தாமதமாக. 2013 மே மாதம் 1,500 கோடி டாலர் வரைக்கும் சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்கத் திட்டம். அதே வருஷம் அக்டோபரில் 8,500 பேருக்குச் சீட்டுக் கிழிப்பு. முன்பே அறிவித்த 7,500ஐயும் சேர்த்தால் ஊழியர்களில் ஐந்தில் ஒரு பங்கு. ஆராய்ச்சிப் பிரிவும் தப்பவில்லை. முதலீட்டாளனாக எனக்கு அது லாபம்தான், வாயை மூடிக்கொண்டேன். ஆனால் ஆராய்ச்சியின் காவலர் என்று பட்டம் கட்டாதீர்கள்.

மருந்தாளுநர்:
நீங்கள் இருவரும் பங்கு விலையிலேயே நிற்கிறீர்கள். அந்த ஆள் நாற்காலிக்கு வந்ததே எதனால்? வயாக்ஸ் வழக்குகளால்.

தெரியாதவர்களுக்கு: வயாக்ஸ் மூட்டுவலி மாத்திரை, 1999இல் வந்தது. மற்ற வலி மாத்திரைகளைவிட வயிற்றைக் குறைவாகப் புண்ணாக்கும் என்பதுதான் அதன் விற்பனை மந்திரம். ஏறக்குறைய 8,000 நோயாளிகளை வைத்து நடந்த விகர் ஆய்வு 2000இல் வெளிவந்தபோதே, நப்ராக்ஸன் என்ற பழைய வலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட வயாக்ஸ் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு நான்கு மடங்கு என்று தெரிந்துவிட்டது. மெர்க் என்ன சொன்னது? எங்கள் மருந்து கெடுதல் செய்யவில்லை, நப்ராக்ஸன்தான் இதயத்தைக் காப்பாற்றியிருக்கிறது என்று! 2004 செப்டம்பர் 30இல்தான் சந்தையிலிருந்து எடுத்தார்கள். இங்கே உள்நாட்டுக் கம்பெனிகள் பல, வயாக்ஸில் இருக்கும் அதே மருந்தான ரோஃபிகாக்சிப்பை வேறு வேறு பெயரில் விற்றுக்கொண்டிருந்தன; அந்த டிசம்பரில் இந்திய அரசு தடை செய்தது. கடை அலமாரியிலிருந்து அட்டை அட்டையாக எடுத்துத் திருப்பி அனுப்பியவன் நான்.

முதல் வழக்கு டெக்ஸாஸில் ஆங்கிள்டன் என்ற சின்ன ஊரில். கணவரை இழந்த பெண்ணுக்கு 25.3 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது ஜூரி. சட்ட உச்சவரம்பால் அது சுமார் 2.6 கோடியாகச் சுருங்கியது. 2008இல் மேல்முறையீட்டில் அதுவும் போயிற்று. கடைசியில் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது பூஜ்ஜியம்.

கறுப்பு அங்கி:
உங்கள் கோபம் நியாயம்தான் ஐயா. ஆனால் தலைமைச் சட்ட அதிகாரியின் வேலை என்ன? 25.3 கோடி என்ற தலைப்புச் செய்தி வந்ததும் பங்குச்சந்தை ஆய்வாளர்கள் மெர்க் கொடுக்க வேண்டிய இழப்பீடு 5,000 கோடி டாலர் வரைகூடப் போகலாம் என்று பேசினார்கள். பணத்தைக் கொட்டி முடித்துவிடு என்ற நெருக்கடிக்கு ஃப்ரேசியர் மசியவில்லை. ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியாக நடத்துவோம், மாரடைப்புக்குக் காரணம் மாத்திரையா, அந்த ஆளின் புகையா, கொழுப்பா என்று நிரூபிக்கட்டும் என்றார். தீர்ப்பு வரை போனவற்றில் பெரும்பாலானவற்றில் மெர்க்தான் ஜெயித்தது. அதற்கப்புறம், 2007 நவம்பரில், பலத்தோடு உட்கார்ந்து 485 கோடி டாலருக்கு முடித்தார். இன்னொன்று: இதே மனிதர்தான் அலபாமாவில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் மரண தண்டனைக் கைதியாகக் கிடந்த போ காக்ரனுக்காகக் கட்டணம் வாங்காமல் வாதாடி 1997இல் வெளியே கொண்டுவந்தவர். எதிர்த் தரப்பின் சாட்சியத்தை வரி வரியாகப் பிரித்துப் பார்க்கிற அதே பழக்கம்தான் இரண்டு இடத்திலும்.

மருந்தாளுநர்:
காக்ரன் வழக்குக்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அதைக் கொண்டுவந்து வயாக்ஸ் மேல் போர்த்தாதீர்கள். 485 கோடியைச் சுமார் 47,000 பேருக்குப் பிரித்தால் ஆளுக்குச் சராசரி ஒரு லட்சம் டாலர். அதில் வக்கீல் கட்டணம் 32 சதவீதம் வரை. 2011 நவம்பரில், உங்கள் ஆள் தலைமைச் செயல் அதிகாரியாக இருக்கும்போதே, அனுமதி வாங்காத நோய்க்கு வயாக்ஸை விளம்பரப்படுத்திய குற்றத்தை மெர்க் ஒப்புக்கொண்டு அரசுக்கு 95 கோடி டாலர் கட்டியது. 'நாங்கள் ஒன்றும் செய்யவில்லை' என்று ஒவ்வொரு ஊர் நீதிமன்றத்திலும் நின்றது அதற்கு முந்தைய அத்தியாயம்.

தென்றல்:
வக்கீல் என்றாலே ஜெயிப்பார் என்றால் ஜெஃப் கிண்ட்லரை ஏன் யாரும் சொல்லவில்லை? அவரும் ஃபைசரில் தலைமைச் சட்ட அதிகாரியாக இருந்து 2006இல் தலைமைக்கு வந்தவர்தானே. வைத் என்ற மருந்துக் கம்பெனியை 6,800 கோடி டாலருக்கு வாங்கிப் போட்டுவிட்டு 2010 டிசம்பரில் திடீரென்று ராஜினாமா.

ஆய்வகவாசி:
தென்றல் நல்ல ஆளைப் பிடித்தார். கிண்ட்லர் ஃபைசருக்கு வருமுன் மெக்டொனால்ட்ஸின் கோழிக்கறி உணவகச் சங்கிலியை நடத்தியவர். ஃபைசரில் சட்டத் துறையிலிருந்து ஒரே தாவலில் உச்சிக்குப் போனார். ஃப்ரேசியரோ 2007 முதல் சில ஆண்டுகள் மெர்க்கின் உலக மருந்து வியாபாரப் பிரிவையே கட்டி மேய்த்துவிட்டுத்தான் வந்தார். 'வக்கீல் சேர்மன்' என்று நாம் சுருக்கிச் சொல்லும்போது அந்த நடு வருஷங்கள் காணாமல் போகின்றன.

கீட்ரூடா அதிர்ஷ்டம் என்பதை நான் பாதிதான் ஏற்பேன். ஒரு விஷயத்தை மட்டும் பாருங்கள். நுரையீரல் புற்றுநோய்க்கு முதல் சிகிச்சையாக யார் மருந்து வரும் என்று மெர்க்குக்கும் பிரிஸ்டலுக்கும் போட்டி. கட்டியில் பிடி-எல்1 என்ற புரதம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு இந்த மருந்துகள் வேலை செய்ய வாய்ப்பு. பிரிஸ்டல் 5 சதவீதம் இருந்தாலே போதும் என்று வலையைப் பெரிதாக வீசியது. சந்தையும் பெரிசாகும் அல்லவா. மெர்க் 50 சதவீதமாவது இருப்பவர்களை மட்டும் எடுத்தது, மொத்தம் 305 பேர். எங்கள் துறையில் பலர் சிரித்தார்கள். 2016 ஆகஸ்டில் பிரிஸ்டலின் சோதனை தோற்றது, ஒரே நாளில் பங்கு ஆறில் ஒரு பங்கு சரிந்தது. மெர்க் ஜெயித்து, முதல் சிகிச்சை என்ற இடத்தைப் பிடித்தது. முடிவெடுத்தது விஞ்ஞானிகள்தான், ஃப்ரேசியர் இல்லை. ஆனால் அந்த விஞ்ஞானிகளின் தலைவராக ரோஜர் பெர்ல்மட்டரை 2013இல் அழைத்து வந்தவர் யார்? வந்தவர் கையில் முடிவை விட்டுவிட்டு ஒதுங்கி நின்றது யார்?

பங்குப்பித்தன்:
ஒதுங்கி நிற்பதற்கா அவ்வளவு சம்பளம்? :)

கறுப்பு அங்கி:
2017 ஆகஸ்டில் ஒதுங்கி நிற்கவில்லையே. ஷார்லட்ஸ்வில் நகரில் வெள்ளை இனவாதிகளின் பேரணியில் நடந்த கலவரத்துக்குப் பிறகு டிரம்ப்பின் உற்பத்தித் துறை ஆலோசனைக் குழுவிலிருந்து முதலில் விலகிய தலைவர் அவர்தான். ஒரு மணி நேரத்துக்குள் டிரம்ப் மருந்து விலையைச் சொல்லி வசை பாடினார். அரசாங்கத்தை நம்பிப் பிழைக்கும் துறையில் அதைச் செய்ய நெஞ்சுரம் வேண்டும்.

பங்குப்பித்தன்:
சரி, அதைக் கொடுத்துவிட்டேன். ஆனால் அடிப்படைக் கேள்வி அப்படியே இருக்கிறது. அவர் நீடிப்பதற்காக 65 வயது ஓய்வு விதியையே 2018இல் இயக்குநர் குழு எடுத்துவிட்டது. 2020இல் கீட்ரூடா விற்பனை 1,440 கோடி டாலரை ஒட்டி. கம்பெனியின் மொத்த விற்பனையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அமெரிக்காவில் முக்கியக் காப்புரிமை 2028இல் முடிகிறது. பத்து வருஷம் ஆண்டவர் அடுத்தவருக்கு விட்டுப்போனது ஒற்றைக்கால் நாற்காலி. 2021 ஜூலையில் வந்த ராப் டேவிஸ் அதில் உட்கார்ந்து தடுமாறினால் இதே இழையைத் தூக்கி மேலே கொண்டுவருவேன்.

கறுப்பு அங்கி:
தாராளமாகக் கொண்டுவாருங்கள். அதற்குள் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்: 2021 செப்டம்பரில் மெர்க் ஆக்சிலரான் கம்பெனியை 1,150 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. அதிலிருந்து வந்த நுரையீரல் ரத்த அழுத்த மருந்து வின்ரெவேருக்கு 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒப்பந்தம் போட்ட அன்று நிர்வாக சேர்மனாக உட்கார்ந்திருந்தவர் யார் என்றும் பார்த்துவிட்டு வாருங்கள்.