ஐ.ஜி.ஐ. நல்ல கேமா, நம்ம சின்ன வயசு நல்லா இருந்துச்சா?

குன்றுமேல் குருவி:
பழைய ஹார்ட் டிஸ்க்கைக் குடைஞ்சப்ப 'ப்ராஜெக்ட் ஐ.ஜி.ஐ.'ங்கிற துப்பாக்கிச் சண்டை கேம் கிடைச்சுது. 2000 டிசம்பர்ல வந்தது. ரெண்டு ராத்திரி உக்காந்து ஆடினேன். அடிக்க வராதீங்க, ஆனா இது சரியா மதிக்கப்படாத கேம்னுதான் தோணுது.

மிஷன் ஆரம்பிக்கிறப்ப நாம ஆடற ஹீரோ டேவிட் ஜோன்ஸ் வேலிக்கு வெளியே எங்கேயோ தனியா நிப்பாரு. பைனாகுலரை எடுத்து டவர்ல எத்தனை பேர், கேமரா எந்தப் பக்கம் திரும்புதுன்னு பார்க்கணும். மேப் கம்ப்யூட்டரைத் திறந்தா சிப்பாய்ங்க நடக்கிறது மேலேர்ந்து தெரியும். ஒரு குண்டு கூட சுடாம பத்து நிமிஷம் ஓடிடும். மிஷன் நடுவுல சேவ் கிடையாது பாருங்க, செத்தா முதல்லேர்ந்து ஆடணும், அதனாலதான் அந்தப் பத்து நிமிஷத்துக்கு மதிப்பே.

குவிக்சேவ் குமார்:
மதிக்கப்படாத கேமா? நம்ம ஊர்ல கம்ப்யூட்டர் வாங்கினவன் வீட்டுல எல்லாம் இது இருந்துச்சு தல.

சேவ் இல்லாததைப் பெருமையா சொல்றீங்களே, அதான் புரியல. முக்கால் மணி நேரம் ஊர்ந்து போய், கடைசிக் கதவுகிட்ட எவனோ முதுகுல சுட்டா திரும்ப வேலிகிட்ட. இதுக்குப் பேர் சஸ்பென்ஸா? 2003-ல ஐ.ஜி.ஐ. 2 வந்தப்ப அவங்களே சேவ் வெச்சாங்க, எண்ணிக்கைக் கட்டுப்பாட்டோட. தப்புன்னு தெரிஞ்சுதானே மாத்தினாங்க?

குன்றுமேல் குருவி:
நம்ம ஊர்ல ஆடினோம், சரி. வெளிய? அந்த வருஷம் ஐடாஸ் கம்பெனி வெளியிட்ட கேம்களைப் பாருங்க: தீஃப் 2, டியஸ் எக்ஸ், முதல் ஹிட்மேன், கடைசியா இது. சொந்த வீட்டுலயே மூணு அண்ணனுங்களுக்குப் பின்னாடி பொறந்த பிள்ளை. கூடவே மல்டிபிளேயர், அதாவது பல பேர் சேர்ந்து ஆடற வசதி, கிடையாது. அப்படி ஆடற கவுன்டர் ஸ்ட்ரைக் கடைக்கு வந்து ஒரு மாசம்தான் ஆச்சு. யாரு திரும்பிப் பார்ப்பா?

ரெண்டாவது பாகத்துல சேவ் வெச்சாங்கதான். ஆனா ஏன் எண்ணி எண்ணிக் கொடுத்தாங்க? இஷ்டத்துக்குக் கொடுத்தா பயம் போயிடும்னு அவங்களுக்கும் தெரியும். 2001-ல வந்த ஆப்பரேஷன் ஃப்ளாஷ்பாயின்ட்லயும் மிஷனுக்கு ஒரே ஒரு சேவ்தான். அதை யாரும் திட்டிப் பார்க்கல நான்.

குவிக்சேவ் குமார்:
நான் திட்டினேன். யாரும் கேக்கல.

சரி, சேவை விடுங்க. சிப்பாய்ங்க தங்கற பாரக்ஸுக்கு வாங்க. நான் உள்ள போய் கட்டில் கட்டிலாப் பார்த்துட்டு வரேன், ஒருத்தன் இல்ல. வெளிய வந்ததும் கேமரால மாட்டி அலாரம் அடிக்குது. அதே காலி பாரக்ஸ்லேர்ந்து வரிசையா ஓடி வரானுங்க. எங்க இருந்தானுங்க, கட்டிலுக்கு அடியிலயா? நீங்க பைனாகுலர் வெச்சு எண்ணின கணக்குக்கு அப்புறம் என்ன மரியாதை?

இன்னொண்ணு. இதைச் செஞ்ச நார்வே கம்பெனி இன்னர்லூப்காரங்க இதுக்கு முன்னாடி செஞ்சது 'ஜாயின்ட் ஸ்ட்ரைக் ஃபைட்டர்'னு போர் விமான கேம். அந்த நிலத்துலதான் ஒரு ஆளை இறக்கி நடக்க விட்டிருக்காங்க. அதான் மலை அவ்வளவு தூரம் வரைக்கும் அழகாத் தெரியுது, கட்டிடத்துக்குள்ள போனா நாலு சுவரும் ஒரு மேஜையும்.

மேகலா_பிசி:
நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். எங்க வீட்டுல என் தம்பி ஆடுவான், நான் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்துப்பேன். அவனுக்கு எப்பவும் சுடற அவசரம். மேப்பைப் பார்த்து "இடது பக்கம் ஒருத்தன் வரான், இப்ப ஏணில ஏறாதே"ன்னு சொல்றது என் வேலை. ஏணில ஏறும்போது ஜோன்ஸோட முழு உருவமும் வெளியேர்ந்து தெரியும், அப்ப ரெண்டு பேரும் மூச்சை அடக்கிப்போம். மல்டிபிளேயர் இல்லன்னு சொன்னீங்க. எங்களுக்கு இருந்துச்சு.

ஆனா ஒரு விஷயம் கேக்கணும். மொத்தம் 14 மிஷன். இங்க சண்டை போடறவங்கள்ல எத்தனை பேர் முடிச்சீங்க? நாங்க ஆறோ ஏழோதான். ரயில் யார்டு எனக்கு மனப்பாடம், கடைசியில வர்ற வில்லி எக்க் எப்படி இருப்பான்னு சத்தியமா தெரியாது. முதல் ரெண்டு மூணு மிஷனை வெச்சுதான் எல்லாரும் தலைல தூக்கி ஆடறோமோன்னு சந்தேகம்.

குன்றுமேல் குருவி:
மேகலா மேடம், மாட்டி விட்டுட்டீங்க. அப்ப முடிச்சேன், ஆனா சீட் கோடு போட்டு, குறுக்கு வழிலதான். இப்ப ஒன்பதுல நிக்கிறேன். ஒத்துக்கிறேன், பின்னாடி போகப் போகத் திட்டம் போடற இடம் குறையுது, சுடறதுதான் மிச்சம்.

ஆனா குமாரோட பாரக்ஸை ஒத்துக்க மாட்டேன். அலாரம் அடிச்சா ஆள் வந்துட்டே இருப்பான், அது அந்த ஆட்டத்தோட விதி. கபடில கோட்டைத் தொடாம மூச்சு விட்டா அவுட், அதை ஏமாத்துன்னா சொல்வோம்? கேமராவை கம்ப்யூட்டர்ல அணைச்சுட்டுப் போனா பாதி கேம் சத்தமே இல்லாம முடியும். நீங்க அணைக்காமப் போனீங்க.

குவிக்சேவ் குமார்:
கபடில எதிர் டீம் ஏழு பேர்னு முதல்லயே தெரியும் தல. பாய்க்கு அடிலேர்ந்து எட்டாவது ஆள் எழுந்து வர மாட்டான்.

மேகலா_பிசி:
😂 இதுக்கு பதில் இருக்கா குருவி சார்?

குன்றுமேல் குருவி:
இருக்கு. குமார், முதல் மிஷனை இன்னைக்கு அலாரம் அடிக்காம முடிச்சுக் காட்டுங்க. முடிஞ்சா உங்க கட்சி.

குவிக்சேவ் குமார்:
போட்டேன். மணி பன்னெண்டரை. கம்ப்யூட்டரைக் கண்டுபிடிச்சு கேமராவை அணைச்சேன், டவர்ல இருந்தவனையும் ஒரே குண்டுல இறக்கினேன், சத்தியமா நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. அப்புறம் எவனோ ஒருத்தன் பட்டனை அமுக்கிட்டான். அந்தப் பாரக்ஸை நான் பார்த்தேன் குருவி, உள்ள யாரும் இல்ல.

இன்னும் ஒரு தடவை ஆடிட்டு வந்து திட்டறேன்.