பஸ்ஸின் இடப்பக்கச் சந்தில் நுழையும் பைக்: வி2எக்ஸ் ஆய்வுக்கு இதை எடுக்கலாமா?

திருவான்மியூர்_மாணவி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் எம்.ஈ. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வண்டிகள் ஒன்றோடொன்று ரேடியோவில் பேசி விபத்தைத் தவிர்க்கும் வி2எக்ஸ் தொழில்நுட்பத்தில் ப்ராஜெக்ட் செய்வதென்று முடிவு செய்துவிட்டேன். அதில் எந்தப் பிரச்சினையை எடுப்பது என்பதில்தான் இழுபறி. நான்கு வழிச்சாலை, கார்கள் மட்டும், முன்னால் போகிற கார் பிரேக் அடித்தால் பின்னால் வரும் காருக்குச் செய்தி எத்தனை மில்லிசெகண்டில் சேர்கிறது என்று சிமுலேஷனில் காட்டச் சொல்கிறார் கைடு. பேப்பரும் சீக்கிரம் வந்துவிடும் என்கிறார். என் நல்லதுக்குத்தான் சொல்கிறார், ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை.

நான் எடுக்க நினைப்பது இது. ஓஎம்ஆரில் மெட்ரோ வேலைக்குப் போட்ட தடுப்புகள், ஓரத்தில் நிற்கும் ஷேர் ஆட்டோக்கள் எல்லாம் சேர்ந்து, பல ஸ்டாப்பிங்குகளில் பஸ் ஓரம் கட்டி நிற்க இடமே இருப்பதில்லை. ஆறேழு அடி தள்ளித்தான் நிற்கிறது. இறங்குகிறவர் கால் வைப்பது நடுரோட்டில். அந்தச் சந்தில் பின்னாலிருந்து பைக் வரும். இறங்குகிறவர் படியில் நிற்பது பைக்காரருக்குத் தெரியாது, பைக் வருவது படியில் இருப்பவருக்குத் தெரியாது. என் சித்திக்குப் பெருங்குடியில் இப்படித்தான் முழங்கால் உடைந்தது. இன்னும் மாடிப்படி ஏற முடியவில்லை. பைக்கில் வந்த பையனும் விழுந்து தோள்பட்டையில் அடி. அவன் வேகமாகக்கூட வரவில்லை, அதுதான் என்னை உறுத்துகிறது.

கதவு திறக்கப் போவது பஸ்ஸுக்குத் தெரியும். அதைப் பின்னால் வரும் பைக்குக்குச் சொல்லிவிட்டால் போதும் என்று தோன்றுகிறது. கையில் இருப்பது ஒரு லேப்டாப், ஒரு ஃபோன். சுமோ என்ற போக்குவரத்து சிமுலேஷன் மென்பொருளில் சென்னை டிராஃபிக்கைக் கொண்டுவர முடியுமா? இது ஒரு எம்.ஈ. ப்ராஜெக்ட்டுக்குத் தாங்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

—

கத்திப்பாரா_வட்டம் எழுதியது:

கண்டிப்பாக எடுங்கள் மேடம். சித்தி சீக்கிரம் குணமாகட்டும். நான் வண்டி எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்க்கிறேன். இந்தத் துறையில் பெரிதாக நடந்தவை எல்லாம் காரை மனதில் வைத்து நடந்தவை. 2012-ல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் சுமார் 2,800 வண்டிகளில் கருவி பொருத்திச் சோதித்தார்கள், அதில் பெரும்பாலானவை கார்கள். நம் நாட்டில் 2022-ல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அவர்களில் 44.5 சதவீதம் பேர் டூவீலரில் போனவர்கள், 19.5 சதவீதம் பேர் நடந்து போனவர்கள். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம், 64,105. ஆகவே, சாகிறவர் கையில் கருவி இருக்காது என்ற இடத்திலிருந்துதான் நாம் தொடங்க வேண்டும்.

நீங்கள் சொல்லும் வழியில் முதல் சிக்கல் அதுதான். வண்டிக்கு வண்டி பேச இரண்டு பக்கமும் கருவி வேண்டும். நூற்றுக்குப் பத்து வண்டியில் இருந்தால், சந்திக்கும் இரண்டு வண்டியிலும் இருக்க வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று. பஸ் எல்லாவற்றிலும் பொருத்திவிட்டாலும் பைக்கில் பத்தில் ஒன்றுக்குத்தான் கேட்கும்.

இரண்டாவது சிக்கல் நேரம். 30 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 8.3 மீட்டர். எச்சரிக்கையைப் புரிந்து கை பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி வைத்துக்கொண்டால் அதிலேயே 12 மீட்டருக்கு மேல் போய்விடும். பிரேக் நன்றாகப் பிடித்தாலும் இன்னும் 7 மீட்டர். ஆக, வாசலுக்கு 19 மீட்டர் முன்னாலேயே செய்தி கிடைத்தாக வேண்டும். கதவு திறக்கும்போது அனுப்பினால் நேரம் போதாது. பஸ் ஸ்டாப்பிங்கை நெருங்கி வேகம் குறைக்கும்போதே அனுப்ப வேண்டும். கார்களுக்கான அடிப்படைப் பாதுகாப்புச் செய்தி வினாடிக்குப் பத்து முறை போகிறது, சுமார் 300 மீட்டர் எட்டும். ஆகவே ரேடியோ நேரத்தைத் தின்னாது. தின்பது மனிதனின் அந்த ஒன்றரை வினாடி.

மூன்றாவதுதான் உண்மையான முட்டுக்கட்டை. பைக்காரரின் ஃபோனை நம்பினால், அதன் ஜிபிஎஸ் வெட்டவெளியிலேயே ஐந்து மீட்டர் வரை தவறும். பஸ்ஸுக்கு இடப்பக்கம் வருகிறவருக்கும் வலப்பக்கம் தாண்டிப் போகிறவருக்கும் இடையே இருக்கும் தூரமே அவ்வளவுதான். எந்தப் பக்கம் என்றே தெரியாமல் எல்லோருக்கும் பீப் அடித்தால், ஒரு வாரத்தில் எல்லோரும் அணைத்துவிடுவார்கள்.

அதனால் செய்தி போய்ச் சேரும் இடத்தையே மாற்றிப் பாருங்கள் என்பேன். பஸ்ஸின் பின்பக்க இடது மூலையில் ஒரு சின்ன ரேடார் அல்லது கேமரா. சந்தில் பைக் நுழைகிறது என்று தெரிந்தால் வாசற்படியில் பஸ்ஸர் அடிக்கட்டும், கதவு இரண்டு வினாடி தாமதித்துத் திறக்கட்டும். நடத்துநர் விசிலுக்குப் பழகிய ஜனங்கள், இதற்கும் பழகிவிடுவார்கள். பைக்கில் எதுவும் வேண்டாம். கருவி பொருத்திய முதல் பஸ்ஸிலிருந்தே பலன் தெரியும். பைக் நுழைந்த ஒவ்வொரு முறையும் இடத்தையும் நேரத்தையும் பஸ் சர்வருக்கு அனுப்பினால், எந்த ஸ்டாப்பிங் ஆபத்தானது என்ற பட்டியல் தானாகவே சேரும். பொதுப் போக்குவரத்து வண்டிகளுக்கு ஏஐஎஸ்-140 தரத்தில் இருப்பிடக் கருவி ஏற்கெனவே விதியில் இருக்கிறது. அதே பாதையில் இதையும் அனுப்பலாம்.

—

தாம்பரம்_பயணி எழுதியது:

இவ்வளவு எதற்கு என்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். பஸ்ஸின் பின்னால் இடது ஓரத்தில் பளிச்சென்று ஒரு மஞ்சள் விளக்கு, கதவு திறக்கும் முன்பே விட்டு விட்டு எரியட்டும். அமெரிக்காவில் பள்ளிப் பேருந்து நின்றால் விளக்கு எரிந்து பக்கவாட்டில் ‘நில்’ பலகையே நீள்கிறது. அங்கே அதற்குச் சட்டமும் துணை நிற்கிறது என்பது வேறு விஷயம். தினமும் ஜிஎஸ்டி ரோட்டில் வருகிறேன். பைக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் நல்லவர்கள்தான், தெரிந்தால் நிறுத்துவார்கள். விளக்கை விட்டுவிட்டு ரேடாரைப் பற்றிப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

—

கிண்டி_பழையமாணவர் எழுதியது:

தாம்பரத்தார் சொல்வதை ஒதுக்காதீர்கள் தங்கச்சி, ஒப்பிட அதுதான் நல்ல அடிப்படை. விளக்கை விட ரேடார் எவ்வளவு கூடுதலாகக் காப்பாற்றுகிறது என்று காட்டினால்தான் உங்கள் வேலைக்கு எடை.

சுமோ பற்றிக் கேட்டீர்கள். ஜெர்மனியின் டிஎல்ஆர் நிறுவனம் உருவாக்கியது, இலவசம். அப்படியே ஓட்டினால் ஒரு லேனில் ஒரு வண்டி என்று வரிசையாகப் போகும், நம் ஊரில் எங்கே அப்படி? லேட்டரல்-ரெசல்யூஷன் என்ற அமைப்பைக் கொடுத்தால் ஒரே லேனில் வண்டிகள் பக்கம் பக்கமாகப் போகவிடும் சப்லேன் மாடல் வேலை செய்யும், பைக்குகள் சந்தில் நுழையும். சாலை வரைபடத்தை சுமோவுக்கு மாற்றும்போது இடதுபக்கப் போக்குவரத்தைச் சரிபாருங்கள். நெரிசலில் 300 வினாடி சிக்கிய வண்டியை அது தூக்கி வேறிடத்தில் வைத்துவிடும், அந்த டெலிபோர்ட்டை அணைக்காவிட்டால் ஓஎம்ஆர் மாலை நேரம் உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. இன்னொன்று, அதிலுள்ள ஓட்டுநர்கள் மோதாதபடியே எழுதப்பட்டவர்கள். ‘மோதல் பூஜ்யம்’ என்று வருவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம்.

ஆகவே சிமுலேஷனுக்கு முன்னால் ரோட்டைப் படம் பிடியுங்கள். ஒரு ஸ்டாப்பிங்கைப் பார்க்கும் நடைமேம்பாலம், ஃபோனை அசையாமல் நிறுத்த ஒரு ஸ்டாண்ட், வினாடிக்கு 30 ஃபிரேம். காவல்துறையிடம் கல்லூரிக் கடிதத்தோடு அனுமதி வாங்குங்கள், முகங்களையும் நம்பர் பிளேட்டையும் மங்கலாக்கிவிடுங்கள். தரையில் நான்கு புள்ளிகளை டேப் வைத்து அளந்துகொண்டால், படத்தின் பிக்செலை மீட்டராக மாற்ற ஓப்பன்சிவி என்ற இலவச மென்பொருள் போதும். படத்தில் வண்டிகளையும் ஆட்களையும் அடையாளம் காண யோலோ என்ற மென்பொருள் இருக்கிறது, ஆனால் கோகோ என்ற படத்தொகுப்பில் பயிற்றுவித்த யோலோவுக்கு ஆட்டோ என்று ஒரு வகையே தெரியாது. ஹைதராபாத் ட்ரிபிள்ஐடி வெளியிட்ட ஐடிடி தொகுப்பில் ஆட்டோ இருக்கிறது, அதில் கொஞ்சம் பயிற்சி கொடுங்கள்.

எதை அளப்பது? விபத்துக்காகக் காத்திருக்க முடியாது, கூடவும் கூடாது. இறங்கியவர் ஒரு இடத்தைத் தாண்டியதற்கும் அதே இடத்துக்கு பைக் வந்து சேர்ந்ததற்கும் இடையே எவ்வளவு நேரம் என்று ஒவ்வொரு முறையும் குறியுங்கள். ஒரு வினாடிக்குக் கீழே என்றால் அது மயிரிழையில் தப்பியது. அந்த நேரங்களின் பரவலை வைத்து சுமோவில் பைக்குகளின் நடத்தையைச் சரிசெய்தால், அப்புறம் விளக்கு, பஸ்ஸர், தாமதக் கதவு எதை வேண்டுமானாலும் வைத்துப் பார்க்கலாம். படம் பிடித்துப் பிரிக்கும் வேலை சலிப்பு தட்டும், ஆனால் ப்ராஜெக்ட்டின் உயிர் அங்கேதான்.

—

திருவான்மியூர்_மாணவி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. வலமா இடமா என்று ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. படியில் இருப்பவருக்குச் சொல்வது என்று மாற்றியதும் எல்லாம் தெளிவாகிறது. சித்தியிடம் சொன்னேன். “இரண்டு வினாடி கதவு திறக்காவிட்டால் பின்னால் நிற்பவர்கள் தள்ளுவார்களே” என்றார். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: மாலை நெரிசலில் ஒரு ஸ்டாப்பிங்குக்கு இரண்டு வினாடி என்றால் ஒரு நடைக்கு எவ்வளவு நேரம் கூடும், ஓட்டுநர்கள் ஒப்புவார்களா? கத்திப்பாரா சார், எப்போதும் தாமதிக்காமல், பைக் நுழைந்தால் மட்டும் தாமதித்தால் போதுமல்லவா?

—

கத்திப்பாரா_வட்டம் எழுதியது:

அதேதான். பைக் நுழையும்போது மட்டும். நெரிசல் நேரத்தில் சந்து காலியாகவே இருக்காது என்பதால், தொடர்ந்து எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதற்கு ஒரு உச்சவரம்பு வையுங்கள், அந்த வரம்பை மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். கைடிடம் போகும்போது அந்த 19 மீட்டர் கணக்கையும் சின்னதாக ஒரு வீடியோவையும் எடுத்துக்கொண்டு போங்கள். ரேடார் மாட்யூல் ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது. தரமணி பக்கம் வரும்போது சொல்லுங்கள், தருகிறேன்.