மறு: மில்ட்டன் பெர்ல் கட்டுரை: கினெஸ்கோப்புக்குத் தமிழ்

ஐயா, அம்மா, வணக்கம். நேரலையாகப் போன தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் திரையிலிருந்து ஃபிலிமில் பிடித்த பதிவுதான் கினெஸ்கோப். அமெரிக்க நகைச்சுவை நடிகர் மில்ட்டன் பெர்ல் பற்றிய நம் கட்டுரைக்காக அதற்கொரு தமிழ்ச் சொல் தேடுகிறோம்.

> "இயங்குகாட்டி" என்றே வைத்துவிடலாமே. வேர்ச்சொல்லோடு ஒட்டி வருகிறது.

வேர் சரிதான். ஆனால் எடிசனின் கினெட்டோஸ்கோப் குறுக்கே வந்து நிற்கிறது. அது துளை வழியே குனிந்து படம் பார்க்கும் பெட்டி. "இயங்குகாட்டி" என்றால் அதைத்தான் நினைக்கத் தோன்றும். வேரை விட்டுவிட்டு, இந்தப் பொருள் பெர்ல் நடத்திய நிகழ்ச்சிக்கு என்ன செய்தது என்று பார்ப்போம்.

'டெக்சாகோ ஸ்டார் தியேட்டர்' என்ற அந்த நிகழ்ச்சி 1948 ஜூன் 8 அன்று என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கியது. செவ்வாய் இரவு எட்டு மணிக்கு நியூயார்க்கில் பெர்ல் பெண் வேடம் கட்டிக் கூத்தடித்தால், அது அந்த நொடியே காற்றில் போய்விடும். காணொளி நாடா 1956 வரை புழக்கத்துக்கு வரவில்லை. அமெரிக்காவின் கிழக்கு, மேற்குக் கரைகளைத் தொலைக்காட்சிக்காக இணைத்த தொடர்பும் 1951 செப்டம்பரில்தான் வந்தது. அதுவரை மேற்குக் கரைக்கு எப்படிக் காட்டுவது? ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சித் திரைக்கு முன்னால் ஒரு ஃபிலிம் கேமராவை வைத்து, அப்படியே படம்பிடித்து அனுப்பினார்கள். தொலைக்காட்சியில் நொடிக்கு 30 படம், ஃபிலிமில் 24. இதைச் சமாளிக்கவே தனிக் கேமரா செய்ய வேண்டியிருந்தது. அப்படியும் படம் மங்கலாகத்தான் வந்தது.

நம் குழப்பத்துக்குக் காரணம், ஆங்கிலத்தில் கினெஸ்கோப் என்ற ஒரே சொல் பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் படக்குழாய்க்கும், படம்பிடிக்கும் கருவிக்கும், பிடித்த ஃபிலிமுக்கும் வருவதுதான். நாமும் மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டவேண்டிய அவசியம் இல்லை. முதலாவதற்குப் "படக்குழாய்" ஏற்கெனவே இருக்கிறது. கருவி கட்டுரையில் ஒரே இடத்தில்தான் வருகிறது. விளக்கி எழுதிவிட்டால் போதும். பெயர் வேண்டியது மூன்றாவதற்கு மட்டுமே.

> "குழாய்ப்படம்"? சுருக்கமாக இருக்கிறது.

அம்மா, மன்னிக்கவும், குழாயடிச் சண்டையை யாரோ படம்பிடித்த மாதிரி இருக்கிறது! "திரைப்பதிவு" நல்ல சொல், ஆனால் கைப்பேசிக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

என் பரிந்துரை: நேரலைப் படச்சுருள். மேற்குக் கரையில் சில நாள் கழித்துப் பார்த்தது எப்படி நேரலை ஆகும் என்று கேட்கலாம். நேரலையிலிருந்து எடுத்த சுருள் என்றுதான் பொருள் கொள்கிறேன். 'ஐ லவ் லூசி' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். 1951இல் தொடங்கிய அந்தத் தொடரை மேற்கே லாஸ் ஏஞ்சல்ஸில் பார்வையாளர் முன்னிலையில் நடித்தாலும், நேரடியாக 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்தார்கள். நேரலையே கிடையாது, எனவே இந்தச் சொல் அதற்குப் பொருந்தாது. பொருந்தவும் கூடாது. கிழக்கே இருந்தவர்களுக்கு மங்கல் படம் போகக்கூடாது என்பதற்காகத்தானே அப்படி எடுத்தார்கள்!

கட்டுரையில் போட்டுப் பார்த்தால்: "பெர்ல் தொடக்ககாலத்தில் நடத்திய நிகழ்ச்சிகளில் இன்று பார்க்கக் கிடைப்பவை நேரலைப் படச்சுருள்களே." உறுத்தவில்லை.

அப்புறம், 1951க்குப் பிறகு வந்த இன்னொரு வகையும் உண்டு. இரு கரைகளுக்கும் மூன்று மணி நேர வித்தியாசம் என்பதால், நியூயார்க் நிகழ்ச்சியை லாஸ் ஏஞ்சல்ஸில் ஃபிலிமில் பிடித்து, அவசரமாகக் கழுவி, மூன்றே மணி நேரத்தில் அங்கே ஒளிபரப்புவார்கள். அதை 'ஹாட் கினெஸ்கோப்' என்பார்கள். "சுடுசுருள்" எனலாமா? "சுடச்சுட" காதில் விழுவதால் எனக்குப் பிடித்திருக்கிறது. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் இரண்டையும் கட்டுரையில் சேர்த்துவிடுகிறேன்.