அமெரிக்க ராக் இசைக்குழு ஈகிள்ஸ் கச்சேரியை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள். எங்கள் கதை இது

நாங்கள் இருப்பது ஆல்பகர்க்கியில். 2024 அக்டோபரில் லாஸ் வேகஸ் ஸ்பியர் அரங்கத்தில் ஈகிள்ஸ் கச்சேரிக்கு டிக்கெட் கிடைத்ததும், பிளைட் வேண்டாம், காரிலேயே போய்விடலாம் என்று சொன்னது நான்தான். ஏறக்குறைய ஒன்பது மணி நேர ஓட்டம். வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். எனக்கு ஒரு உள்கணக்கு இருந்தது: அந்த வழியில் வின்ஸ்லோ வரும்.

அரிசோனாவில் சின்ன ஊர். 1972-ல் வந்த இவர்களுடைய முதல் ஹிட் ‘டேக் இட் ஈஸி’யில் ஒரு வரியில் அந்த ஊர்த் தெருமுனையில் நிற்பதாக வரும், அவ்வளவுதான். அந்த ஒரு வரியை நம்பி 1999-ல் ஒரு தெருமுனையைப் பூங்காவாக்கிவிட்டார்கள். கிட்டாரோடு நிற்கும் வெண்கலச் சிலை, பக்கத்தில் பாடலில் வருகிற மாதிரியே ஃபோர்டு வண்டி, சிவப்பு நிறத்தில். அதைப் பாடிய, குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிளென் ஃப்ரே 2016-ல் இறந்த பிறகு அவர் இளவயதுச் சாயலில் இன்னொரு சிலையும் வைத்தார்கள்.

நாங்கள் போனபோது வயதான வெள்ளைக்காரத் தம்பதி அங்கே இருந்தார்கள். அந்தப் பெரியவர் போட்டோ எடுக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கைக்குட்டையால் ஃப்ரே சிலையின் பூட்ஸில் இருந்த புழுதியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “வேகஸுக்கா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “நாங்களும்தான். ஆனால் பையன் எப்படிப் பாடுகிறான் என்று கேட்கத்தான் போகிறோம்” என்றார். பையன் என்றால் ஃப்ரேயின் மகன் டீக்கன். 2017-ல் அப்பா பாட்டுகளை மேடையில் பாடத் தொடங்கியவர்.

இனி கச்சேரி. கீழே 100 பகுதியின் பின்வரிசைகளில் மேல்தளம் குறுக்கே வந்து திரையை மறைக்கும் என்று படித்திருந்ததால் 300-ல் எடுத்தோம். படிகள் செங்குத்து. இறங்கும்போது மனைவி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்த பிடியில் ஒரு பொத்தான் போயிற்று. திரை தலைக்கு மேல் வளைந்து பின்னால் போகிறது. கீழே மேடையில் மனிதர்கள் கொலு பொம்மை அளவில்.

முதல் பாட்டே ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’! அதைக் கடைசிக்குத்தான் வைப்பார்கள் என்று நம்பி வெளியே வரிசையில் நின்றவர்கள் கோட்டை விட்டார்கள். முடிவில் இரண்டு கிட்டாரும் பின்னிப்பின்னி வருமே, அதை ஜோ வால்ஷும் கிறிஸ் ஹோல்ட்டும் 1976 இசைத்தட்டில் இருப்பதை அப்படியே வாசித்தார்கள். ஒரு சுரம் கூடவில்லை, குறையவில்லை. மனோதர்மம் கேட்டுப் பழகிய காதுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான். “இதை வீட்டிலேயே போட்டுக் கேட்டிருக்கலாம், பெட்ரோலாவது மிச்சம்” என்றாள் மனைவி. என்னிடம் பதில் இல்லை.

நான்கைந்து பாட்டுக்குப் பிறகு திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு மேடையை மட்டும் பார்த்தேன். அப்புறம்தான் குரல்கள் தனித்தனியாகக் காதில் விழுந்தன. குழுவின் பழைய ஆட்களான டான் ஹென்லி, வால்ஷ், டிமோதி ஷ்மிட் மூவரும் 1947-ல் பிறந்தவர்கள். ஹென்லி நம் சுதந்திர இந்தியாவைவிட மூன்று வாரம் மூத்தவர்! அவர் தனியாகப் பாடும்போது கரகரப்பு தெரிகிறது, மறைக்க முடியாது. மற்றவர்கள் சேர்ந்ததும் அந்தக் கரகரப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. முன்பு குழுவில் இருந்த ராண்டி மெய்ஸ்னர் பாடிய ‘டேக் இட் டு தி லிமிட்’டை இப்போது கன்ட்ரி பாடகர் வின்ஸ் கில் பாடுகிறார். அந்த உச்சக் குரலுக்கு அவர் சிரமமே இல்லாமல் போனார். என்னிடம் பெட்ரோல் கணக்குப் பார்த்தவள் அதற்குத்தான் முதலில் கை தட்டினாள்.

டீக்கன் பாடியபோது வின்ஸ்லோ பெரியவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார் என்று தேடினேன். அத்தனை ஆயிரம் பேரில் எங்கே தேட?

பதில் 1:
நான் பார்த்தது 2023 செப்டம்பர் 7, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். விடைபெறும் சுற்றுப்பயணத்தின் முதல் நாள், முன்னால ஸ்டீலி டான் குழுவோட கச்சேரி வேற. நம்ம வீட்டு விருந்தாளி ‘கிளம்பறேன்’னு செருப்பு மாட்டிக்கிட்டு வாசல்ல ஒரு மணி நேரம் பேசுவாரே, அந்த மாதிரி விடைபெறுதல். அடுத்த வருஷம் வேகஸ்ல கடை விரிச்சுட்டாங்க பாருங்க. ஆனா அஞ்சு பேரும் முன்னால வரிசையா நின்னு சேர்ந்து பாடினப்போ, பக்கத்து சீட்டு ஆள் பீர் கப்பை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே பிடிச்சிருந்தார், பாட்டு முடியற வரைக்கும்.

பதில் 2:
நான் பழைய ஆள். 1994-ல் பதினான்கு வருடப் பிரிவுக்குப் பின் இவர்கள் சேர்ந்தபோது கலிஃபோர்னியா இர்வைனில் பார்த்தேன். நல்ல இடத்து டிக்கெட் நூறு டாலருக்கு மேல். அந்தக் காலத்தில் அது ஊரே திட்டிய விலை. கிளென் ஃப்ரே பாதி நேரம் பேச்சிலேயே சபையைக் கட்டிப்போட்டார். மகனுக்குக் குரல் இருக்கிறது, அந்தக் குறும்பு இல்லை, குறையாகச் சொல்லவில்லை. என்னைக் கேட்டால் இவர்களின் கன்ட்ரி பாதி, அதாவது அமெரிக்க நாட்டுப்புறச் சாயல், ஆரம்பகால உறுப்பினர் பெர்னி லெடன் 1975-ல் தன் பாஞ்சோ வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு போனபோதே போய்விட்டது. அடுத்து வந்த வால்ஷ் அசல் ராக் ஆள். 2013-ல் தொடங்கிய சுற்றுப்பயணத்தில் லெடன் திரும்பி வந்து வாசித்ததையும் கேட்டேன். என் ஓட்டு அந்தக் கச்சேரிக்குத்தான்.

இழை தொடங்கியவர்:
லெடன் விஷயத்தில் ஐயா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வின்ஸ் கில் வந்தபிறகு கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் வாசனை கொஞ்சம் திரும்பியிருக்கிறது, அதையும் கேட்டுப் பாருங்கள். ஸ்பியருக்குப் போகிறவர்களுக்கு: முட்டிவலி இருந்தால் 300, 400 பக்கமே போகாதீர்கள். பொத்தான் இன்னும் தைக்கவில்லை.