போன் நம்பர் கேட்டு எழுதினால் 14 இலக்கம் வருகிறது. பிரெஞ்சு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

உப்புவெளிக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் ஒரு சின்ன விடுதியில் ரிசெப்ஷனில் நிற்கிறேன். ஆறே ஆறு அறைதான். மே தொடங்கி செப்டம்பர் வரை எங்களுக்குச் சீசன். வருகிற வெள்ளைக்காரரில் பிரெஞ்சுக்காரர் நிறைய. அவர்களோடு இரண்டு வார்த்தை அவர்களுடைய மொழியில் கதைத்தால் நல்லது என்று போன வருடம் படிக்கத் தொடங்கினேன். ஏ1 என்கிற முதல் படி முடிந்தது, இப்போது அடுத்த படி ஏ2 ஓடுகிறது. கொப்பியில் எழுதச் சொன்னால் எழுதுவேன். காதில் விழுந்தால்தான் பிரச்சினை.

போன கிழமை நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வயதான தம்பதி, நான்கு இரவு தங்கினார்கள். முன்பதிவு எதுவும் இல்லை, நேரே வாசலுக்கு வந்தவர்கள். போகும்போது ஏதும் மறந்திருந்தால் அறிவியுங்கள் என்று மனிசன் தன் போன் நம்பரைச் சொன்னார். நான் கெட்டிக்காரி மாதிரி பேனையை எடுத்து எழுதினேன். அவர்கள் ஓட்டோ ஏறிப் போன பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் அவருடைய மூக்குக்கண்ணாடி கிடந்தது. சரி, எடுத்துச் சொல்வோம் என்று பார்த்தால் நம்பரில் 14 இலக்கம்! பிரான்சில் 10 இலக்கம்தானே. நடுவில் 60 15 என்று ஒன்று, கடைசியில் 80 12 என்று ஒன்று. கண்ணாடி இப்போதும் மேசை லாச்சிக்குள் இருக்கிறது.

அதே மனிசன் ஒருநாள் மாலை தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு, கோணேசர் மலைப் பக்கம் கையை நீட்டி நீட்டி ஏதோ பெரிய கதை சொன்னார். சுஃப்ரென், சுஃப்ரென் என்று நான்கு தடவை வந்தது. பிறகு ஒரு வருடம் சொன்னார். 1780 என்று பிடித்தேன், அதற்குப் பிறகு ஒரு 'தெ' தொங்கிக்கொண்டு நின்றது. சிரித்துத் தலையாட்டிவிட்டேன்.

இன்னொன்றும் கேட்கவேண்டும். இறந்தகாலம் ஏன் இரண்டாக இருக்கிறது? பாஸே கொம்போஸே எங்கே, அம்பர்ஃபே எங்கே என்று விதியைப் பாடமாக்கி வைத்திருக்கிறேன், வாயைத் திறந்தால் எல்லாம் கலைந்துவிடுகிறது.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். வந்தவர்களிடம் நான் மரியாதையாகத்தான் 'பாஸ்போர்ட், சில் வூ ப்ளே', அதாவது தயவுசெய்து தாருங்கள் என்று கேட்கிறேன். ஒரு பெண் என்னை நிமிர்ந்து பார்த்து, நிதானமாக 'போன்ஜூர்' என்றார். நானும் சிரித்து போன்ஜூர் சொன்னேன். ஆனால் அந்தப் பார்வை ஒரு மாதிரி இருந்தது. ஏன்?

லொசான் குளிர்:

பேசாமல் சுவிசுக்கு வந்துவிடுங்கள் அக்கா. பிரான்சில் 70 ஐ அறுபது-பத்து, 80 ஐ நான்கு-இருபது, 90 ஐ நான்கு-இருபது-பத்து என்றுதான் சொல்வார்கள். எங்கள் பக்கம் 70 செப்தாந்த், 80 உய்தாந்த், 90 நோனாந்த். ஏழு, எட்டு, ஒன்பது தெரிந்தால் போதும், கணக்குப் பார்க்கத் தேவையில்லை. பெல்ஜியத்திலும் செப்தாந்த், நோனாந்த் உண்டு, ஆனால் 80 மட்டும் பிரான்ஸ்காரர் மாதிரித்தான். பாரிசிலிருந்து என் மச்சான் வந்து கடையில் விலை கேட்கும்போது அவருக்கும் இதே திண்டாட்டம், தலைகீழாக.

லாச்சப்பல் அண்ணன்:

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். அந்தப் பெண் உங்களுக்கு வணக்கம் சொல்லவில்லை, ஏசியிருக்கிறா! இங்கே பிரான்சில் பாண் கடைக்குள் போனாலும், பஸ் ஏறினாலும், டொக்டரின் காத்திருக்கும் அறைக்குள் நுழைந்தாலும் முதல் வார்த்தை போன்ஜூர்தான். அதைச் சொல்லாமல் நேரே விஷயத்துக்குப் போனால், எவ்வளவு சில் வூ ப்ளே போட்டாலும் அதட்டுகிற மாதிரித்தான் அவர்களுக்குக் கேட்கும். நான் வந்த புதிதில் ஒரு தபால் கவுன்டரில் 'ஒரு முத்திரை வேண்டும்' என்று நல்ல பிரெஞ்சில் கேட்டேன். உள்ளே இருந்தவ 'போன்ஜூர்' என்றுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு இருந்தா. நான் சொன்ன பிறகுதான் கை முத்திரைப் பக்கம் போனது. இருட்டினால் போன்சுவார். போகும்போது ஒரு ஒர்வுவார். சிரிக்காவிட்டாலும் பரவாயில்லை, இது தவறக்கூடாது.

மரியாதையில் நாங்கள் வழுக்குகிற இடம் இன்னொன்றும் இருக்கிறது. த்யூ என்றால் நீ, வூ என்றால் நீங்கள் என்று படித்திருப்பீர்கள். ஆனால் இங்கே பிள்ளை அப்பாவையும் அம்மம்மாவையும் த்யூ என்றுதான் கூப்பிடும், அதில் மரியாதைக்குறைவு எதுவும் இல்லை. பாண் கடையில் நிற்கிற இருபது வயதுப் பெடியனுக்கோ வூ. வயது பார்த்து வருவதல்ல, பழக்கம் பார்த்து வருவது. உங்கள் வேலைக்கு எல்லோருக்கும் வூ போடுங்கள், அவர்களாகச் சொன்னால் மாற்றலாம்.

இனி காது. 'எனக்குத் தெரியாது' என்பதைப் புத்தகத்தில் 'ஜ ந செ பா' என்று படித்திருப்பீர்கள், தெருவில் அது 'ஷெ பா'. எதிர்மறையில் 'ந' வை அனேகமாக விழுங்கிவிடுவார்கள். 'நாங்கள்' என்பதற்கு 'நூ' என்று படித்திருப்பீர்கள், பேச்சில் அது 'ஓன்' ஆகிவிடும். இது தெரியாமல் நான் இரண்டு வருடம் யார் அந்த 'ஓன்' என்று யோசித்தேன். ஆர்எஃப்ஐ வானொலியில் இலகு பிரெஞ்சுச் செய்தி பத்து நிமிடம் வருகிறது, எழுத்தோடு சேர்த்தே இணையத்தில் கிடைக்கும். முதலில் வாசிக்காமல் கேளுங்கள், பிறகு எழுத்தைப் பார்த்துக்கொண்டு கேளுங்கள். டிவி5 மோந்த் தளத்தில் ஏ2 வுக்குத் தனியாகப் பயிற்சி இருக்கிறது, காசில்லை.

நம்பருக்கு ஒரு வழி. இங்கே நம்பரை இரண்டிரண்டாகத்தான் சொல்வார்கள், ஐந்து சோடி. ஒரு சோடி முழுதாக முடிந்து மூச்சு விடும்வரை பேனையைத் தொடாதீர்கள். 'சுவாசாந்த்' என்றதும் 6 எழுதினால் கெட்டீர்கள், அது 60 ஆகவும் இருக்கும், 70 ஆகவும் இருக்கும். வீட்டில் இருக்கிறவர்களின் கைபேசி நம்பர்களையே சோடி சோடியாகப் பிரெஞ்சில் வாசித்துப் பழகுங்கள். எங்கள் ஊர்க் கைபேசி நம்பர் எல்லாம் 07 இல்தானே தொடங்குகிறது, அதுவும் 10 இலக்கம். நல்ல வசதி.

ஏ2 வை விட்டுவிடாதீர்கள். 2026 ஜனவரி முதல் இங்கே பலவருட வதிவிட அட்டைக்கு ஏ2, பத்து வருட அட்டைக்கு அதற்கு மேல்படி பி1, பிரஜாவுரிமைக்கு பி2 என்று ஆக்கிவிட்டார்கள். பாரிசில் எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கிற லாச்சப்பலில் கடை வைத்திருக்கிற பழைய ஆட்களே பின்னேரம் கொப்பி தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போகிறார்கள்.

தம்பலகாமம் ரீச்சர்:

பிள்ளை, நான் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவள். மகளோடு லியோனில் இரண்டு வருடம் இருந்ததில் பேரனின் புத்தகத்தை வைத்துப் படித்த பிரெஞ்சு இது. பிழை இருந்தால் லாச்சப்பல் தம்பி திருத்தட்டும்.

நீங்கள் எழுதிய நம்பர் பிழையில்லை. 60 15 என்பது சுவாசாந்த்-கேன்ஸ், 75. 80 12 என்பது கத்ர-வேன்-தூஸ், 92. இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள், 10 இலக்கம் வருகிறதா என்று.

இது எங்களுக்குப் புதிதல்ல. தொண்ணூறு என்ற சொல்லுக்குள் நூறு இருக்கிறது, தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் இருக்கிறது. யாராவது தொள்ளாயிரம் ரூபாய் என்றால் நீங்கள் ஆயிரம் என்று எழுதுவீர்களா? ஒரே சொல்லாகக் காதில் பதிந்துவிட்டது. கத்ர-வேன்-தூஸையும் அப்படியே முழுச்சொல்லாக விழுங்குங்கள், நான்கு, இருபது, பன்னிரண்டு என்று பிரிக்க வேண்டாம்.

சொற்கள் ஒட்டிக்கொண்டு ஓடுவதும் அப்படித்தான். பால், ஆறு சேர்ந்தால் பாலாறு. அங்கே 'லே', 'ஆன்ஃபான்' சேர்ந்தால் 'லேஸான்ஃபான்', பிள்ளைகள். தனியே நின்றால் வாயைத் திறக்காத எஸ், உயிரெழுத்து வந்ததும் எழும்பிவிடுகிறது. 'ல', 'அமி' சேர்ந்து 'லாமி' ஆவது எனக்கில்லை என்கிற மாதிரி. எனக்கு என்பதில் இருந்த உகரம் எங்கே போனது? அதே விஷயம்தான். சாதாரண தர வகுப்பில் புணர்ச்சி இலக்கணத்தை வெறுத்த பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் கசக்கும்.

இறந்தகாலத்துக்கு விதியை விட்டுவிட்டு உங்கள் வாயையே கேளுங்கள். 'நேற்று கன்னியாவுக்குப் போனோம்.' 'சின்ன வயதில் கன்னியாவுக்குப் போவோம், ஏழு கிணற்றிலும் அள்ளிக் குளிப்போம்.' இரண்டும் நடந்து முடிந்த கதை, ஆனால் இரண்டாவதுக்கு நாங்கள் போனோம் என்று சொல்வதில்லை, போவோம் என்கிறோம். அந்தப் போவோம், குளிப்போம்தான் அம்பர்ஃபே. நேற்றுப் போனது பாஸே கொம்போஸே. 'போய்க்கொண்டிருந்தேன், மழை வந்தது' என்றால் முதலாவது அம்பர்ஃபே, மழை மற்றது. நூற்றுக்கு நூறு பொருந்தாது, ஆனால் ஏ2 வுக்கு இது காணும்.

நீங்கள் கேட்ட 'தெ' என்றால் இரண்டு, அந்த மனிசன் சொன்னது 1782. சுஃப்ரென் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி. அந்த வருடத் தொடக்கத்தில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் சுஃப்ரென் வந்து அவர்களிடமிருந்து பிடித்தார். செப்டம்பர் 3 ஆம் தேதி வெளிக்கடலில் பெரிய சண்டை. பிறகு ஊர் திரும்ப ஒல்லாந்தர் கைக்குப் போனது. உங்கள் ஊர்க் கதையை உங்களுக்குச் சொல்லியிருக்கிறார், நீங்கள் தலையாட்டி அனுப்பியிருக்கிறீர்கள்.

உப்புவெளிக்காரி:

ரீச்சர், சேர்த்துப் போட்டேன், சரியாக 10! மத்தியானம் இரண்டரைக்கு வட்ஸ்அப்பில் எடுத்தேன், அங்கே காலை 11 மணி. மனிசி எடுத்தா. அண்ணன் சொன்ன மாதிரி முதலில் போன்ஜூர் சொன்னேன், அவவும் சொன்னா, பிறகு நான் யார், எந்த விடுதி என்று தாளில் எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். கண்ணாடி என்றதும் சிரித்துக்கொண்டு மளமளவென்று கதைத்தா. அதில் 'கார்தே-லே' மட்டும் பிடிபட்டது. வைத்துக்கொள்ளுங்கள் என்று விளங்கியது, ஆனால் ஒரு கண்ணாடிக்கு ஏன் 'லே', ஏன் 'அவற்றை' என்று குழம்பிப்போய் அகராதியைப் பார்த்தேன். பிரெஞ்சில் மூக்குக்கண்ணாடி பன்மையாம், லே லுனெத்.

வேறு கண்ணாடி வாங்கிவிட்டாராம் என்று நினைக்கிறேன். பாஸே கொம்போஸேயில்தான் சொன்னா. எதற்கும் லாச்சியிலிருந்து எடுக்கவில்லை, அடுத்த சீசன் வந்தாலும் வருவார்கள்.