கிளீனிங் கொம்பனி, எல்லோரும் கஷுவல்: லோங் சேர்விஸ் லெவி கட்ட வேண்டுமா? (விக்டோரியா, அவுஸ்திரேலியா)

டண்டினோங்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். டண்டினோங் பக்கம் சின்னதாக ஒரு கிளீனிங் கொம்பனி சென்ற வருடம் தொடங்கினேன். இரண்டு ஒபிஸ், ஒரு மெடிக்கல் சென்டர், ஒரு சைல்ட்கெயார், எல்லாம் இரவு வேலை. சம்பளப் பட்டியலில் ஆறு பேர், எல்லோரும் கஷுவல் (நிரந்தரமில்லாத மணிக்கூலி வேலை), அதில் ஒருவர் ஸ்டூடன்ட் விசா. இன்னொருவர் ஏபிஎன் (சொந்தத் தொழில் பதிவு எண்) வைத்து இன்வொயிஸ் அனுப்புகிறார். போன கிழமை போர்ட்டபிள் லோங் சேர்விஸ் அதிகாரசபையிடமிருந்து (நீண்ட காலம் வேலை செய்தவர்களுக்குச் சம்பளத்தோடு நீண்ட லீவு கொடுக்க, முதலாளிகளிடம் லெவி என்று காசு வாங்கிச் சேர்க்கிற அரச அமைப்பு) கடிதம் வந்திருக்கிறது, ஏன் இன்னும் பதியவில்லை என்று கேட்டு. தொடங்கும்போதே என் கணக்காளரிடம் கேட்டிருந்தேன், கஷுவல் ஆட்களுக்கு இது கிடையாது, ஏழு வருடம் யார் உங்களிடம் நிற்கப்போகிறார்கள் என்றார். யார் சொல்வது சரி? கட்டத்தான் வேண்டும் என்றால் சம்பளத்தில் பிடிக்கலாமா? இடையில் இருவர் விட்டுப் போய்விட்டார்கள், அவர்களுக்கும் கட்ட வேண்டுமா?

கணக்குமேசை:
உங்கள் கணக்காளர் சொன்னது தப்பு, அதுவும் இரண்டு இடத்தில் தப்பு. இந்தத் திட்டத்தில் கஷுவல், பார்ட் டைம், ஃபுல் டைம் எல்லாரும் உண்டு, விசா எதுவாக இருந்தாலும் உண்டு. அப்புறம் ஏழு வருஷம் உங்களிடமே இருக்க வேண்டும் என்பதே இல்லை. விக்டோரியாவில் கான்ட்ராக்ட் கிளீனிங் துறைக்குள் ஏழு வருஷம் இருந்தால் போதும், எத்தனை முதலாளி மாறினாலும் சரி. 2018இல் சட்டம் வந்து 2019 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கிளீனிங், செக்யூரிட்டி, சமூக சேவை ஆகிய மூன்று துறைக்கும்தான்.

பதிவு செய்ய மூன்று மாத அவகாசம் தருவார்கள். உங்களுக்கு அது தாண்டிவிட்டது, அதனால் இனி ஒரு நாளும் தள்ள வேண்டாம், அவர்களே தேடி வந்து பிடிப்பதை விட நீங்களே போய் பழைய காலாண்டுகளையும் சேர்த்துக் கொடுப்பது எல்லா வகையிலும் நல்லது. அதன் பிறகு ஒவ்வொரு காலாண்டும் ரிட்டர்ன் போட வேண்டும், யார் யார் வேலை செய்தார்கள், எவ்வளவு காலம், சாதாரணச் சம்பளம் எவ்வளவு என்று.

கிளீனிங்குக்கு லெவி அந்தச் சாதாரணச் சம்பளத்தில் 1.8 சதவீதம் (சமூக சேவைக்கு 1.65). வாரம் 900 டாலர் வாங்குகிறவருக்கு 16 டாலர் 20 சென்ட், பதின்மூன்று வாரக் காலாண்டுக்கு 210 டாலர் 60 சென்ட். ஓவர்டைமைச் சேர்க்காதீர்கள். கஷுவல் லோடிங் (கஷுவல் ஆட்களுக்குச் சேர்த்துக் கொடுக்கிற கூடுதல் சம்பளம்) சேரும்.

சம்பளத்தில் பிடிக்கவே கூடாது. சூப்பர் (ஓய்வுகால நிதி) மாதிரி இதுவும் முதலாளி மேலே போட்டுக் கட்டுவது. விட்டுப் போன இருவருக்கும் அவர்கள் வேலை செய்த காலத்துக்குக் கட்ட வேண்டும்.

இரவுவேலை:
தம்பி, நான் முதலாளி இல்லை, நகரத்தில் ஒரு பெரிய கட்டிடத்தில் துடைக்கிற ஆள். நீங்கள் கேட்டது நல்ல விஷயம், அதனால் எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். அதே லிஃப்ட், அதே மாடி, அதே குப்பைத்தொட்டி, ஆனால் கட்டிடக்காரர் சில வருடத்துக்கு ஒருமுறை டெண்டர் கூப்பிடுவார், புதுக் கொம்பனி வரும், எங்களுக்கு சட்டை மாறும். முன்பெல்லாம் சட்டை மாறினால் சேவைக்காலமும் பூச்சியத்தில் இருந்துதான் தொடங்கியது. இந்தத் தொழிலில் பத்து, பதினைந்து வருடம் இடுப்பு ஒடிய நின்றும் ஒரு நாள் நீண்ட லீவு காணாத ஆட்களை எனக்குத் தெரியும். இந்தத் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஏழு வருடத்துக்கு ஆறு கிழமைக்குக் கொஞ்சம் மேலே வரும் (அறுபது கிழமைக்கு ஒரு கிழமை என்று கணக்கு). தொடக்க நாளில் இருந்தே இடைவெளி இல்லாமல் பதியப்பட்டவர்களுக்கு அந்த ஏழு வருடம் 2026 ஜூலையில்தான் நிறைகிறது. முன்பு ஒரு கொம்பனி பல மாதம் என் பெயரைப் போடாமல் விட்டது, பேஸ்லிப்பைக் காட்டி ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. காசு கட்டுவதை விடவும் பெயர், பிறந்த திகதி, தொடங்கிய திகதி மூன்றையும் சரியாகப் போடுங்கள். அந்த இருவரையும் மறந்துவிடாதீர்கள்.

டண்டினோங்வாசி:
இரவுவேலை அண்ணை, கணக்குமேசை அக்கா, இருவருக்கும் நன்றி. இன்னும் மூன்று சந்தேகம். ஏபிஎன் ஆள் என்ன கணக்கு? என் ஆட்களில் ஒருவர் பகலில் வேறொரு இடத்தில் டிசெபிலிட்டி சப்போர்ட் வேலையும் செய்கிறார், இரண்டு காலமும் ஒன்றாகச் சேருமா? இன்னொருவர் பிரிஸ்பனில் நான்கு வருடம் கிளீனிங் செய்தவர், அது இங்கே வருமா?

கணக்குமேசை:
சேராது. டிசெபிலிட்டி வேலை சமூக சேவைத் துறையில் தனியாக ஏறும், அதை அந்த முதலாளி பார்த்துக்கொள்வார், உங்கள் வேலை கிளீனிங்கில் தனியாக ஏறும். பிரிஸ்பன் வேறு மாநிலம். அங்கே க்யூலீவ் என்று தனித் திட்டம், கிளீனிங்குக்கு 2005இல் இருந்தே இருக்கிறது, அந்த வருஷங்கள் இங்கே வருமா என்று அதிகாரசபையிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் அங்கே இருக்கும் தன் பதிவை ஒரு முறை போய்ப் பார்த்து, முகவரியை மாற்றி வைப்பது நல்லது.

ஏபிஎன் விஷயத்தில் கவனம். நிஜமாகவே தனித்தொழில் செய்கிறவர், தன் வாடிக்கையாளர், தன் சாமான், தன் விலை என்று இருந்தால், அவர் விரும்பினால் தானே இந்தத் திட்டத்தில் பதியலாம். ஆனால் நீங்கள் சொன்ன நேரத்துக்கு வந்து, உங்கள் மெஷினைத் தள்ளி, உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு போகிறவர் ஏபிஎன் வைத்திருப்பதால் மட்டும் தொழிலதிபர் ஆகிவிட மாட்டார். 2024 ஆகஸ்ட் 26 முதல் ஃபேர் வொர்க் சட்டமும் (நாடு முழுவதற்குமான வேலைச் சட்டம்) காகிதத்தில் எழுதியதோடு நிற்காமல் நடைமுறையில் உறவு எப்படி என்று முழுவதையும் பார்க்கச் சொல்கிறது. லெவியை விட அங்கேதான் பெரிய தலைவலி வரும், சூப்பர் பாக்கி உட்பட. வேறு கணக்காளரிடம் எழுத்தில் ஆலோசனை வாங்குங்கள்.

கொட்டேஷன்காரன்:
நானும் இதே தொழில்தான், இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அடுத்த கொட்டேஷனில் இந்த 1.8 சதவீத லெவியை மறக்காமல் போடுங்கள். சூப்பர் இப்போது 12 சதவீதம், அதற்கு மேல் வொர்க்கவர் (வேலையில் காயப்பட்டால் உதவும் காப்புறுதி), அதற்கு மேல் இது. இதை விட்டுவிட்டு விலை சொல்கிறவர்களோடு போட்டி போட முடியாமல்தான் நேர்மையானவர்கள் டெண்டரில் தோற்கிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

டண்டினோங்வாசி:
கடிதத்தில் இருந்த எண்ணுக்கு அழைத்துவிட்டேன், பெண்டிகோவில் இருந்து பேசினார்கள், பொறுமையாகத்தான் விளக்கினார்கள். பதிவு ஒன்லைனில் தொடங்கியாயிற்று. போன இருவரில் ஒருவரின் பிறந்த திகதி என்னிடம் இல்லை, போனும் வேலை செய்யவில்லை.

கணக்குமேசை:
அவர் சேர்ந்தபோது கொடுத்த வரி எண் படிவத்தைப் பாருங்கள், அதில் இருக்கும். இல்லையென்றால் பேரோல் மென்பொருளில் அவர் பெயரைத் திறந்தால் கிடைக்கும், சம்பள விவரம் வரி அலுவலகத்துக்குப் போவதற்காக அதில் கட்டாயம் ஏற்றியிருப்பீர்கள்.