அம்மா காலும் அப்பா காலும்: 'நரம்பு' என்ற ஒரே சொல்லால் வந்த வினை

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குமே கால் வலி. இரண்டையும் "நரம்புக் கோளாறு" என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். அதில் அப்பாவுக்கு ஒரு வருடம் வீணாகப் போனது.

அம்மா 20 வருடம் இட்லிக் கடையில் நின்றே வேலை பார்த்தவர். முழங்காலுக்குக் கீழே நீலமாகச் சுருண்டு புடைத்திருக்கும். சாயங்காலம் கணுக்கால் வீங்கும். தலையணை மேல் தூக்கி வைத்தால் குறையும். அது வெரிகோஸ். ரத்தத்தை மேலே ஏற்றும் சிரைகளில் வால்வு பழுதானால் ரத்தம் கீழேயே தேங்கிவிடுகிறது. டாக்டர் சொன்னபடி இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் போட்டார், நன்றாகக் கேட்டது.

அப்பாவுக்குச் சர்க்கரை, கூடவே பீடி. பஸ் ஸ்டாண்டு போவதற்குள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடும், நடந்தால் அதே தூரத்தில் மறுபடி வரும். வயசாகிவிட்டது, நரம்புத் தளர்ச்சி என்று வைட்டமின் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். ஒரு ராத்திரி மூன்று மணிக்குப் பார்த்தால், கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறார். "தூக்கி வச்சா எரியுதுடா, தொங்கப்போட்டா தேவலை" என்றார். அம்மாவுக்கு நேர் எதிர். அது எனக்கு உறைக்கவில்லை. யாரையும் கேட்காமல் அவருக்கும் ஒரு ஜோடி ஸ்டாக்கிங்ஸ் வாங்கி மாட்டிவிட்டேன். நாலாம் நாள் பெருவிரல் நுனி கறுத்திருந்தது.

ரத்தக்குழாய் டாக்டர் புறங்காலில் விரலை வைத்து நாடி தேடினார். கிடைக்கவில்லை. கையிலும் கணுக்காலிலும் பிபி பட்டையைச் சுற்றி, ரத்த ஓட்டத்தின் சத்தத்தைக் கேட்கவைக்கும், பேனா போன்ற டாப்ளர் கருவியை வைத்து அளந்தார். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து 0.9க்குக் கீழே வந்தால் தமனியில், அதாவது காலுக்கு ரத்தத்தைக் கொண்டுவரும் குழாயில், அடைப்பு என்று அர்த்தமாம். அப்பாவுக்கு 0.4. ரத்தம் இறங்கவே வழியில்லாத காலை நான் இறுக்கி வைத்திருக்கிறேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

பலூன் வைத்து அடைப்பை விரித்தார்கள். விரல் நுனியை எடுக்க வேண்டியதாயிற்று, கால் தப்பியது. தயவுசெய்து, ஸ்டாக்கிங்ஸ் வாங்கும் முன் அந்த நாடியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பதில்:
எனக்கு வந்தது வேறு மாதிரி. பிரசவமான பத்தாம் நாள் இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கியது, தொட்டால் சூடு. தைலம் போட்டு உருவிவிடலாம் என்று அத்தை கிளம்பிவிட்டார். நர்ஸாக இருக்கும் அண்ணிதான் "கையே வைக்காதீங்க" என்று தடுத்து ஸ்கேனுக்குக் கூட்டிப்போனார். ஆழத்தில் இருக்கும் சிரையில் ரத்தக்கட்டி. அது நகர்ந்து நுரையீரலில் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து என்றார்கள். முதலில் ஊசி, அப்புறம் மூன்று மாதம் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. சரி, அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?

பதில்:
உங்கள் அண்ணி நன்றாக இருக்கட்டும், சகோதரி. அப்பா பீடியை விட்டுவிட்டார். வலி வந்தால் நின்று, விட்டதும் மறுபடி நடக்க வேண்டும், தினமும் இப்படிச் செய்யச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நேற்று பஸ் ஸ்டாண்டு வரை எங்கேயும் நிற்காமல் போய்விட்டு, அங்கிருந்து எனக்கு போன் போட்டார்.